உளுத்த மூங்கிலும் ஒரு வரி இங்கிலீஷும்

பச்சை மிளகை நகத்தால் கிள்ளினால் அந்த வாசனை முதலில் மூக்கில் ஏறாது, கண்ணில்தான் ஏறும். கண் லேசாகக் கரித்து, இமை ஈரமாகி, அதற்குப் பிறகுதான் காரமும் இலைச்சாறும் கலந்த மணம் தொண்டைக்குள் இறங்கும். எட்டாம் வகுப்பில் நான் வைத்திருந்த இங்கிலீஷ் நோட்டின் எல்லாப் பக்கங்களிலும் அந்த மணம் இருந்தது. மிளகு உருவிய கையைச் சரியாகக் கழுவாமல் எழுத உட்காருவேன். தாள்களின் ஓரமெல்லாம் பச்சையாகக் கறைபட்டு, சில நாட்களில் அதுவே கறுத்துவிடும். இன்று செம்மேட்டில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில், என் மகளை வீட்டுப்பாடம் எழுத உட்கார வைக்கும்போது, பக்கத்தில் ஒரு மணி மிளகுகூட இல்லாவிட்டாலும் எனக்குக் கண் கரிக்கிறது. ஒன்றரை வயதுச் சின்னவன் தூங்கவிடாததால் வருகிற எரிச்சலாகவும் அது இருக்கலாம். எது எதனால் என்று பிரித்துப் பார்க்கும் தெம்பு இப்போதெல்லாம் எனக்கு இல்லை.

நான் வளர்ந்த வீடு இதே மலையில், வாழவந்தி நாட்டில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் சரிவில் சில்வர் ஓக் மரங்கள், ஒவ்வொரு மரத்தின் மேலும் முப்பது அடி, நாற்பது அடி ஏறிய மிளகுக் கொடிகள். தை பிறந்ததும் பறிப்பு தொடங்கும். ஏறுவதற்கு இரண்டு கால் வைத்த ஏணியெல்லாம் கிடையாது, ஒரே மூங்கில்தான். கணுக்களில் முளைத்த கிளைகளை ஒரு சாண் நீளம் விட்டு வெட்டியிருப்பார்கள், அந்தக் குச்சிகளில் கால்விரலை ஊன்றி ஏற வேண்டும். "ஒத்தக்கழி" என்போம். அப்பா அதைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் மரத்தில் சாய்த்து, கொஞ்சம் ஏறிக் கயிற்றால் மரத்தோடு சேர்த்துக் கட்டி, பிறகு இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு மேலே போவார். கீழே அம்மாவும் சித்தியும், பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானும் சித்தப்பா மகள் செல்வியும், உதிர்ந்த மணிகளைப் பொறுக்குவோம்.

பொறுக்கும்போது பேசலாம், சிரிக்கலாம், சண்டைகூடப் போடலாம். ஆனால் மேலே இருப்பவரைப் பார்த்துப் பதறிக் குரல் கொடுப்பது மட்டும் கூடாது. நான் பிறப்பதற்கு முன்னால் அப்பாவின் அண்ணன் கழி மேல் நின்றிருந்தபோது, கீழே இருந்த யாரோ "அய்யோ, பாத்து!" என்று பதறினார்களாம், பதறியது யார் என்று அவர் குனிந்து பார்க்க, கை நழுவிவிட்டது. பெரியப்பாவின் வலது கை அன்று வளைந்தது வளைந்ததுதான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அது சட்டமாகிவிட்டது. "மேல ஆளிருக்கையில கீழ பதறி வாயத் தொறக்கக் கூடாது. பயமா இருந்தா முழுங்கிக்கோணும்," என்பார் அம்மா. நாளடைவில் அந்தச் சட்டம் மரத்தடியிலிருந்து வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. தை, மாசி இரண்டு மாதமும் சோற்றுத் தட்டின் முன்னால்கூட "விழும்", "தாங்காது", "முடியாது" என்ற சொற்களை யாரும் சொல்ல மாட்டோம். சட்டியில் குழம்பு வழிந்தால் "இந்தச் சட்டி தாங்காது" என்று சொல்லாமல் "வேற சட்டி எடு" என்போம். எனக்குக் காய்ச்சல் வந்தால்கூட "எந்திரிக்க முடியல" என்று சொல்லக்கூடாது. "செத்த நேரம் படுத்துக்கறேன்" என்றுதான் சொல்ல வேண்டும். செல்வி இதைக் கேலி செய்வாள். "உங்கூட்ல பூனை செத்தாக்கூட 'நல்லாத் தூங்குது'ன்னுதான் சொல்லுவீங்க போல."

அந்த வருடம் தையில்தான் இங்கிலீஷ் டீச்சர் எங்களுக்கு, அளவு மீறியதைச் சொல்லும் 'டூ' என்ற சொல்லை நடத்தினார். அவர் கீழே சமவெளியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர். எழுபது வளைவுகளையும் ஏறி வந்து இறங்கும்போது முகம் வெளுத்திருக்கும். கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து முகர்ந்துகொண்டே வகுப்புக்குள் வருவார். முதல் பத்து நிமிடம் பேசாமல் கரும்பலகையில் கட்டம் போடுவார். முதல் கட்டத்தில் பொருளின் பெயர், இரண்டாவதில் இஸ், ஆர், அடுத்ததில் வெரி, சோ, டூ என்ற சின்னச் சொற்கள், அதற்கடுத்து ஹாட், ஹெவி, வீக் என்று பொருளின் தன்மையைச் சொல்லும் சொற்கள், கடைசிக் கட்டத்தில் டு டிரிங்க், டு லிஃப்ட், டு ஹோல்டு என்று வினைகள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் விரலை இழுத்துக்கொண்டு போனால் ஒரு வாக்கியம் கிடைத்துவிடும். இனஃப் மட்டும் அந்தக் கட்டத்துக்குள் அடங்காது; மற்றச் சின்னச் சொற்களெல்லாம் முன்னால் போய் உட்கார்ந்த பிறகு, கடைசியாக பஸ்ஸில் ஏறுகிற ஆளைப்போல அது தன்மைச் சொல்லுக்குப் பின்னால் வந்து நிற்கும் என்றார் டீச்சர். ஸ்ட்ராங் இனஃப் டு லிஃப்ட். தூக்கும் அளவுக்குப் பலம்.

ரெடி டு ஈட், அஃப்ரெய்டு டு கோ, ஈஸி டு ரீட் என்று அவர் சொல்லச் சொல்ல எனக்கு அது சரிவில் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக ஏறுவதுபோலத் தெரிந்தது. முன்னால் போவது தன்மைச் சொல். அதன் தோள்துண்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவது வினை. முன்னால் போகிறவர் நன்றாக நடந்தால் பின்னால் வருகிறவரும் வந்துவிடலாம். ஆனால் எல்லோருக்கும் முன்னால் டூ வந்து நின்றுவிட்டால் வழி அடைபட்டுவிடும். "டீ வெரி ஹாட்னா ஊதி ஊதிக் குடிச்சிரலாம். டூ ஹாட் டு டிரிங்க்னா குடிக்க முடியாது. ஆனா அந்த வாக்கியத்துல முடியாதுங்கற வார்த்தை எங்கயாச்சும் இருக்குதா, பாருங்க," என்றார் டீச்சர். நாங்கள் பார்த்தோம். இல்லை. நாட் இல்லை, கேன்னாட் இல்லை. ஆனாலும் அந்த டீயை யாராலும் குடிக்க முடியாது.

முடியாது என்ற சொல்லைச் சொல்லக் கூடாத வீட்டிலிருந்து வந்த எனக்கு, அதைச் சொல்லாமலே சொல்லிவிடும் ஒரு வழி கிடைத்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போது விளக்கிச் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் வாக்கியம் செய்துகொண்டே போனேன். பாதை நடக்க முடியாத அளவு ஈரம். பலாப்பழம் தூக்க முடியாத அளவு கனம். டீச்சர் பாடம் நடத்த முடியாத அளவு கிறுகிறுப்பு. கடைசி வாக்கியத்தைச் சொல்லிக் காட்டியபோது செல்வி பாதையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். பார்த்தது, தொட்டது, வீட்டில் இருப்பது இவற்றிலிருந்து ஐந்து வாக்கியம் எழுதி வரவேண்டும் என்பதுதான் அன்றைய வீட்டுப்பாடம்.

நான்கு எழுதியாகிவிட்டது. ஐந்தாவதற்கு ஒரு பொருள் தேடிக்கொண்டு வீட்டின் பக்கச் சுவரோரம் போனேன். தினமும் பறிப்பு முடிந்ததும் ஒத்தக்கழியை அங்கேதான், தரையில் நட்ட இரண்டு கவைக்குச்சிகள் மேல் படுக்க வைத்திருப்பார் அப்பா. கழிக்கு நேர் கீழே மண்ணில் மஞ்சளாக, தினை மாவைப்போல, ஒரு பொடி சின்னச் சின்னக் குவியலாகக் கிடந்தது. தொட்டுப் பார்த்தேன், மாவேதான், அவ்வளவு மெல்லிது. நிமிர்ந்து பார்த்தால் மூன்றாம் கணுவைச் சுற்றி ஊசி குத்தியதுபோலத் துளைகள். விரல் முட்டியால் தட்டினேன். நல்ல மூங்கில் கணீரென்று பேசும்; இது பழைய அட்டைப்பெட்டியைப்போல மொத்தென்றது. வண்டு உள்ளே இருந்து தின்றுகொண்டிருந்தது.

அப்போதே ஓடிப்போய் அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும். முற்றத்தில்தான் இருந்தார், மறுநாளைக்குச் சாக்கு தைத்துக்கொண்டு. சொல்லவில்லை. தை மாதம், சொல்லக் கூடாத சொல் என்பது ஒரு காரணம். ஆனால் அது மட்டும்தானா என்று இத்தனை வருடமாக என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். உண்மையைச் சொன்னால், அந்த மாவைத் தொட்டதும் எனக்குப் பயம் வரவில்லை, மகிழ்ச்சிதான் வந்தது. ஐந்தாவது வாக்கியம் கிடைத்துவிட்டதே என்று. உள்ளே ஓடி, மிளகுக் கறை படிந்த கையோடு எழுதினேன்: தி பேம்பூ இஸ் டூ வீக் டு ஹோல்டு மை ஃபாதர். மூங்கில் அப்பாவைத் தாங்க முடியாத அளவு பலவீனம்.

மறுநாள் டீச்சர் அந்த வாக்கியத்துக்குச் சிவப்பு மையில் டிக் போட்டு, பக்கத்தில் குட் என்று எழுதினார். ஐந்து கட்டமும் சரியாக நிரம்பிய வாக்கியம் அது. என்னை முன்னால் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். வகுப்பு முழுவதும் திருப்பிச் சொன்னது. மூன்று முறை. நாற்பது பிள்ளைகள் ஒரே குரலில், என் அப்பாவை அந்த மூங்கில் தாங்காது என்று சுவர் அதிரச் சொன்னோம். டீச்சர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி தலையை ஆட்டினார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது அவருக்கு ஒரு வாக்கியம். எனக்குமே அப்போது அது ஒரு வாக்கியம்தான். இடைவேளையில் செல்வி வந்து தோளில் இடித்தாள். "ஏண்டி இங்கிலீஷ்காரி, கழி வீக்குன்னா அதுக்கு ஒரு டானிக் வாங்கி ஊத்த வேண்டீதுதான?" இரண்டு பேரும் சிரித்தோம். சாயங்காலம் அதே கழியின் கீழேதான் இரண்டு பேரும் மிளகு பொறுக்கினோம். மேலே அப்பா. நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வீட்டுப்பாடம் டூவை எடுத்துவிட்டு எழுதுவது. தமிழ்நாட்டில் படித்த எல்லோருக்கும் இது நினைவிருக்கும்: டூவை எடுத்தால் சோ வரும், பிறகு தட் வரும், அதற்குப் பின் ஒளிந்திருந்த கேன்னாட் வெளியே வந்தே ஆகவேண்டும். வெள்ளிக்கிழமை காலை, பள்ளிக்குக் கிளம்பும் முன், பனி விலகாத வெளிச்சத்தில் வாசற்படியில் உட்கார்ந்து ஐந்து வாக்கியங்களையும் மாற்றிக்கொண்டு வந்தேன். ஐந்தாவது: தி பேம்பூ இஸ் சோ வீக் தட் இட் கேன்னாட் ஹோல்டு மை ஃபாதர். எழுதி முடித்து, கேன்னாட் என்ற சொல்லைப் பார்த்தேன். வீட்டில் யாரும் சொல்லாத சொல் என் கையெழுத்தில், என் நோட்டில், அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது. எழுந்து பக்கச் சுவரோரம் ஓடினேன். கவைக்குச்சிகள் மேல் கழி இல்லை.

சரிவில் இறங்கி மரத்தடிக்கு வந்தபோது அப்பா ஏற்கெனவே இரண்டு ஆள் உயரம் போயிருந்தார். அம்மா கீழே சாக்கை விரித்துக்கொண்டிருந்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, நான் வாயைத் திறக்கும் முன்பே கையை உயர்த்தி, பேசாதே என்று காட்டினார். மேலிருந்து, கீழே பார்க்காமலே, அப்பாவின் குரல் வந்தது. "யாரு, சாமியா? பள்ளிக்கோடத்துக்கு நேரமாவலையா?"

நான் சொல்லியிருக்கலாம். "இறங்குங்கப்பா" என்று ஒரு வார்த்தை. அது சொல்லக் கூடாத சொற்களின் பட்டியலிலேயே இல்லை. பிற்பாடு ஆயிரம் தடவை யோசித்தபோது எனக்கு அது கிடைத்தது, அன்று கிடைக்கவில்லை. "போய்ட்டு வாரேனுங்கப்பா," என்றுதான் வாயில் வந்தது.

"நல்லபடியா போய்ட்டு வா சாமி," என்றார்.

பள்ளியில் மூன்றாவது பீரியட் நடந்துகொண்டிருந்தபோது சித்தப்பா வாசலில் வந்து நின்றார். காலில் செருப்பு இல்லை. "பாப்பாவ அனுப்புங்க டீச்சர், ஊட்ல கொஞ்சம் வேலை," என்றார், அப்போதும் எங்கள் வீட்டுச் சட்டப்படி. டீச்சர் மேஜையில் இருந்த நோட்டுகளுக்குள் என்னுடையதைத் தேடி எடுத்துக் கொடுத்தார். வெளியே வந்து திறந்து பார்த்தேன். ஐந்துக்கும் டிக் போட்டிருந்தது.

கழி மூன்றாம் கணுவில் முறிந்திருந்தது. அப்பாவை ஒரு ஜீப்பில் செம்மேட்டுக்கும், அங்கிருந்து எழுபது வளைவுகளும் இறக்கி நாமக்கல்லுக்கும் கொண்டுபோனார்கள்; இடுப்பெலும்பு உடைந்திருந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை என்றார்கள். மாதக்கணக்கில் படுத்திருந்து எழுந்தபோது இடது கால் குட்டையாகிவிட்டது. அதற்குப் பிறகு அவர் எந்த மரத்திலும் ஏறவில்லை. மூங்கில் உளுத்திருந்தது முன்பே தெரியுமா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. நான் நோட்டைத் தகரப்பெட்டியின் அடியில் போட்டேன். வேறு நோட்டு வாங்கினேன், நன்றாகப் படித்தேன், இங்கிலீஷில் எப்போதும் முதல் மதிப்பெண். ஒவ்வொரு முறையும் அப்பா நொண்டியபடி வந்து ஊரில் எல்லோரிடமும் சொல்லுவார். நான் தலை குனிந்து நிற்பேன்; அடக்கமான பிள்ளை என்பார்கள்.

கல்யாணமாகி எனக்கென்று ஒரு வீடு வந்ததும் நான் செய்த முதல் காரியம், அந்தச் சட்டத்தைத் தலைகீழாகத் திருப்பியதுதான். எங்கள் வீட்டில் எல்லாமே வாய்விட்டுச் சொல்லப்படும். கணவருக்கு நாமக்கல்லில் லாரிப் பட்டறை வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். மற்ற ஆறு நாளும் நான்தான் பேசுகிறேன். படி வழுக்கும். பால் சுடும். அந்த நாய் கடிக்கும். பஸ் நின்ற பிறகு இறங்கு. மகள் இனியாவுக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. ஒருநாள் வாசற்படியில் நின்று திரும்பிச் சொன்னாள். "அம்மா, நீ சொல்லச் சொல்லத்தாம்மா எனக்கு வழுக்குது." சிரிப்பு வந்தது. பிறகு அன்று முழுவதும் பெரியப்பாவின் வளைந்த கை நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. சொல்லாமல் இருந்தது தப்பு. அப்படியானால் சொல்லிக்கொண்டே இருப்பது சரியா? தெரியவில்லை.

போன வாரம் அவள் பள்ளியில் டூ நடத்தியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம், சின்னவன் இடுப்பில், அடுப்பில் சாதம், அவள் எழுதிய ஐந்து வாக்கியங்களை எட்டிப் பார்த்தேன். மை மதர் இஸ் டூ ஸ்கேர்டு டு பி கொயட் என்று ஒன்று. அம்மாவால் சும்மா இருக்க முடியாத அளவு பயம். சுருக்கென்றது, ஆனால் சரியான வாக்கியம்தான். மற்ற நான்கையும் மேலோட்டமாக ஓட்டிப் பார்த்து, விட்டுப்போன ஒரு எழுத்தைத் திருத்தி, "எல்லாம் சரி கண்ணு," என்றேன்.

கணவர் வராத வாரம் அது. மறுநாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். பறிப்புக் காலம். அப்பா முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காய்ந்த மிளகை முறத்தில் வைத்து ஊதிக்கொண்டிருந்தார். உள்ளே எதையோ குடைந்துகொண்டிருந்த இனியா என் பழைய நோட்டோடு வெளியே வந்தாள். அதை நான் எறிந்திருக்க வேண்டும். ஏன் எறியவில்லை என்பதும் எனக்குத் தெரியாத விஷயங்களில் ஒன்று.

"அப்புச்சி, அம்மா உங்களப் பத்தி இங்கிலீஷ்ல எழுதி வச்சிருக்குது!"

"அட! நல்லதா எழுதியிருக்குதா, வஞ்சு வச்சிருக்குதா?"

"மூங்கிலு உங்களத் தாங்காதாமா. ரொம்ப வீக்காமா. டிக் போட்டு குட்டுன்னு வேற போட்டிருக்குது."

நான் எழுந்திருக்கப் பார்த்தேன், சின்னவன் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். அப்பா கையை நீட்டி நோட்டை வாங்கினார். அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனால் எண் படிப்பார். பக்கத்தின் மேல் ஓரத்தில் என் கையெழுத்தில் இருந்த தேதியை அவர் விரல் வைத்துப் படிப்பதைப் பார்த்தேன். ஆஸ்பத்திரிச் சீட்டை இன்னும் பத்திரமாக வைத்திருப்பவர். தான் விழுந்த தேதி அவருக்கு மறக்காது. இது அதற்கு இரண்டு நாள் முந்தைய தேதி. நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு, முறத்தை எடுத்து இன்னும் இரண்டு தடவை ஊதினார். சருகு பறந்தது.

"மாவு கொட்டுனத நானும் பாத்தேன் சாமி," என்றார், என்னைப் பார்க்காமல். "இன்னிக்கு ஒரு நாளைக்குத் தாங்கீரும்னு நெனச்சேன். நாலு நாளா அப்படியேதான் நெனச்சேன்."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "தெனமும் கூட்டி அள்ளுனவ நாந்தான? எனக்குத் தெரியாதா?"

இனியா மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்புறம் ஏன் யாருமே சொல்லல?"

அப்பா முறத்தைத் தட்டினார். அம்மா காப்பி கொண்டு வந்து கொடுத்துவிட்டு, சின்னவனுக்குத் தொப்பி போடாமல் வெளியே வைத்திருக்கிறேன் என்று என்னைத் திட்டினார்.

அவர்கள் சொன்னது உண்மைதானா என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். அப்பா பார்த்திருக்கலாம், தினமும் தோளில் தூக்கியவர். அம்மா கூட்டியிருக்கலாம். அல்லது, தேதியைப் படித்த அந்த ஒரு நொடியில் அவரும், நோட்டை இனியா வாசித்தது காதில் விழுந்த அம்மாவும், என் மேல் இருந்ததை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்து எடுத்துக்கொண்டார்களோ என்னவோ. கேட்டால் சொல்ல மாட்டார்கள். கேட்கும் தைரியமும் எனக்கில்லை. இத்தனை வருடம் சுமந்தது கொஞ்சம் குறைந்திருக்க வேண்டும். குறைந்ததா என்று பார்க்கக்கூடக் களைப்பாக இருக்கிறது.

ஒத்தக்கழி எங்கள் தோட்டத்தில் இப்போது இல்லை. புளியஞ்சோலைப் பக்கத்திலிருந்து பறிக்க வருகிறவர்கள் அலுமினிய ஏணி கொண்டு வருகிறார்கள்; மேலே நின்றுகொண்டு செல்போனில் பாட்டு வைத்துக்கொள்கிறார்கள், கீழே இருப்பவர்களோடு கத்திப் பேசுகிறார்கள், "ஏனுங்க, ஏணி ஆடுதுங்கோவ்!" என்று சிரித்தபடியே சொல்கிறார்கள். ஒருவரும் விழவில்லை. நான் படித்த பள்ளியில் கரும்பலகையும் போய், அந்தக் கட்டங்களும் போய்விட்டன. இனியாவின் வகுப்பில் யாரும் ஒரே குரலில் எதையும் மூன்று முறை சொல்வதில்லை, அச்சடித்த தாளில் கோடிட்ட இடத்தை நிரப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செம்மேட்டுக்குத் திரும்பியதும், பெற்றோர் கையெழுத்துக்காக இனியா தன் இங்கிலீஷ் நோட்டை நீட்டினாள். பேனாவைத் திறந்த நான், அதை மூடி வைத்துவிட்டு, ஐந்து வாக்கியங்களையும் முதலிலிருந்து படித்தேன். இலக்கணத்துக்காக அல்ல. தண்ணீர் தொட முடியாத அளவு குளிர். பலாப்பழம் தூக்க முடியாத அளவு பெரிது. அம்மாவைப் பற்றியது. தம்பி பேச முடியாத அளவு சின்னவன். ஐந்தாவது, மை ஷூஸ் ஆர் டூ டைட் டு ரன், ஓட முடியாத அளவு ஷூ இறுக்கம். வெள்ளிக்கிழமை நான் எழுத்துப்பிழை திருத்தியது இந்த வாக்கியத்தில்தான். டைட்டில் ஒரு எழுத்து விட்டிருந்தாள்.

வாசலுக்குப் போய் அவளுடைய பள்ளி ஷூவை எடுத்து வந்து, அவள் காலில் மாட்டச் சொல்லி, முன்னால் உட்கார்ந்து நுனியை அழுத்திப் பார்த்தேன். கட்டைவிரலுக்கும் ஷூவின் தோலுக்கும் நடுவே இடமே இல்லை. சாக்ஸைக் கழற்றினால் சுண்டுவிரல் ஓரம் சிவந்து, தோல் தடித்து, பழைய காயம்போல இருந்தது.

"எத்தன நாளா கண்ணு?"

"பொங்கலுக்கு முன்னாடியே."

"ஏன் சாமி எங்கிட்டச் சொல்லல?"

காலை இழுத்துக்கொண்டு, நோட்டை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

"சொன்னா நீ பயந்துக்குவ," என்றாள்.